பாங்கிக் கணக்கை மாற்றினால் கிடைக்கும் பணம்: கொள்வதா, தள்ளுவதா?

(அங்கத்தினர் கல்விப் பகுதி)

கைக்கு வரும் பணத்தை வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் எளிதில் மனம் வராது. "எங்களிடம் புதிதாகக் கணக்குத் துவக்குங்கள், இத்தனை ரூபாய் தருகிறோம்" என்னும் அழைப்பு இன்று கைபேசி வாயிலாகவும் கடைவீதி விளம்பரம் வாயிலாகவும் நம்மை வந்தடைகிறது. பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழியில் அமர்ந்திருப்பவரையும், சுற்றுப்புறக் கிராமங்களில் நெல்லும் நிலக்கடலையும் பயிரிடுபவரையும் இவ்வழைப்பு ஒன்றுபோலவே தேடி வருகிறது. ஏற்கெனவே உள்ள கணக்கை விட்டு இந்த அன்பளிப்புக்காகப் புதுக் கணக்கிற்கு மாறலாமா என்பதே இப்பாடத்தில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

மாறவே கூடாது என்பது நமது கருத்தன்று. எந்தப் பாங்கியை நாடுவது என்பது அங்கத்தினர் ஒவ்வொருவரின் உரிமை. ஆனால் அன்பளிப்பு எவ்வளவு என்று மட்டும் பார்த்து, பழைய கணக்கோடு எவையெல்லாம் பிணைந்திருக்கின்றன என்று பாராமல் முடிவு செய்வது, பாவின் நிறத்தைப் பார்த்துவிட்டு இழையை எண்ணாமல் விடுவது போன்றதாகும்.

1. பாங்கி ஏன் பணம் தருகிறது?

நமக்குப் பட்டும் ஜரிகையும் எவ்வாறு மூலப்பொருளோ, அவ்வாறே பாங்கிக்கு மூலப்பொருள் பொதுமக்களின் வைப்புப் பணம். ஒருவரது சேமிப்புக் கணக்கில் 10,000 ரூபாய் நிற்கிறது என்று கொள்வோம். அதற்குப் பாங்கி நூற்றுக்கு 3 வீதம் ஆண்டு வட்டி தந்து, அதே பணத்தை நூற்றுக்கு 10 வீதம் கடனாகக் கொடுத்தால், ஆண்டொன்றுக்கு வித்தியாசம் 700 ரூபாய். நிர்வாகச் செலவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இன்று கொடுத்த 1,000 ரூபாய் அன்பளிப்பு ஒன்றரை ஆண்டுக்குள் பாங்கிக்குத் திரும்பிவிடும். அதன் பின்னர் வருவதெல்லாம் லாபமே. இதில் வஞ்சகம் ஒன்றுமில்லை, இது வியாபாரம். வியாபாரம் என்று அறிந்துகொண்டால் போதும்.

நம் நாட்டில் 2011ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் தேதி வரை சேமிப்புக் கணக்கின் வட்டியை ரிசர்வ் பாங்கியே நிர்ணயித்து வந்தது. அன்றைய விகிதம் நூற்றுக்கு 4. அதன் பின்னர் ஒவ்வொரு பாங்கியும் தானே வட்டியை நிர்ணயிக்கும் சுதந்திரம் பெற்றது. உடனே சில தனியார் பாங்கிகள் நூற்றுக்கு 6 என்று அறிவித்துப் புதியவர்களை அழைத்தன. பின்னர் பாங்கிகள் காலத்திற்கேற்ப வட்டியைக் குறைத்தும் கொண்டன. வரவேற்பின்போது காட்டப்படும் விகிதம் என்றைக்கும் நிலைத்திருக்கும் என்று எண்ணலாகாது.

முன்பணம் என்னும் சொல்லுக்குப் பொருள் நம் நெசவாளர்க்குச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. தனி முதலாளியிடம் முன்பணம் வாங்கிய தறிக்காரர், அதைத் தீர்க்கும் வரை வேறொருவருக்கு நெய்ய முடியாமல் நின்ற கதைகள் நம் தெருக்களில் பல உண்டு. அன்று கையில் வாங்கிய தொகை சிறிது. அது போட்ட கட்டு பெரிது. பாங்கியின் அன்பளிப்பு அவ்வளவு கொடிய கட்டன்று. எனினும் அதற்கும் நிபந்தனை உண்டு. நிபந்தனையைப் படிக்காமல் கையொப்பமிடுவதில் இரண்டிற்கும் வேற்றுமை இல்லை.

2. பிரிட்டனின் அனுபவம்

கணக்கை மாற்றுவோருக்கு ரொக்கம் தரும் வழக்கம் பிரிட்டனில் நன்கு வேரூன்றியிருக்கிறது. அங்குள்ள ஏற்பாட்டை அறிவது நமக்குப் பயன்படும்.

ஒரு சில பெரிய பாங்கிகளின் பிடியிலேயே மக்கள் கணக்குகள் பெரும்பாலும் இருந்ததால் அங்கே போட்டி குன்றியிருந்தது. அதனை ஆராய அமைக்கப்பட்ட ஸர் ஜான் விக்கர்ஸ் தலைமையிலான கமிஷன், கணக்கு மாற்றத்தை எளிதாக்கும் பொது ஏற்பாடு ஒன்று வேண்டுமென்று 2011இல் கூறியது. அதன்படி 2013 செப்டம்பர் 16ஆம் தேதி அந்த ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பித்தவரின் கணக்கு ஏழு வேலை நாட்களில் புதிய பாங்கிக்கு மாறிவிடும். மாதந்தோறும் கட்ட வேண்டிய தொகைகள் யாவும் தாமே புதுக் கணக்கிற்குச் சென்றுவிடும். எவரேனும் பழைய எண்ணுக்குச் சம்பளத்தை அனுப்பிவிட்டாலும் அது புதுக் கணக்கிற்குத் திருப்பப்படும். இடையில் தவறு நேர்ந்து வாடிக்கையாளருக்கு அபராதமோ வட்டி நஷ்டமோ உண்டானால் பாங்கியே அதனை ஈடு செய்யும். தொடங்கிய பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கு மேற்பட்ட கணக்குகள் இவ்வழியில் மாறியிருக்கின்றன.

இந்த ஏற்பாட்டின் கீழ் பாங்கிகள் 100 பவுன் முதல் 200 பவுன் வரை ரொக்கம் கொடுத்துப் புதியவர்களை அழைத்தன. அங்கும் நிபந்தனைகள் உண்டு. பழைய கணக்கை முற்றிலும் மூடவேண்டும். குறித்த காலத்திற்குள் குறித்த தொகை கணக்கில் வரவேண்டும். மாதக் கட்டணங்கள் இரண்டேனும் அக்கணக்கிலிருந்து செல்ல வேண்டும். முன்னர் அதே பாங்கியில் பரிசு பெற்றிருக்கக் கூடாது. இவை போன்றவற்றில் ஒன்று தவறினாலும் பரிசு இல்லை.

இங்கே கவனிக்க வேண்டுவது ஒன்று. பிரிட்டனில் பரிசோடு பாதையும் உண்டு. நம் நாட்டில் கைபேசிக் கம்பெனியை மாற்றினாலும் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் உண்டு. பாங்கிக் கணக்கு எண்ணுக்கும் அத்தகைய வசதி வேண்டுமென்று 2017 மே மாதத்தில், அன்று ரிசர்வ் பாங்கியின் துணைக் கவர்னராக இருந்த எஸ். எஸ். முந்த்ரா பாங்கிகளுக்கு எடுத்துரைத்தார். பிரிட்டனில் உள்ளது போன்ற ஏற்பாடு இங்கு இன்னும் அமையவில்லை. ஆதலின் நம்மைப் பொறுத்தவரை 'கணக்கு மாற்றம்' என்பது மூன்று தனித்தனிக் காரியங்கள்: புதிதாக ஒன்றைத் திறத்தல், பழையதோடு பிணைந்தவற்றை ஒவ்வொன்றாக நாமே நகர்த்துதல், பழையதை மூடுதல். விளம்பரம் முதற்காரியத்தை மட்டுமே பேசும். ஆபத்து இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இருக்கிறது.

3. பழைய கணக்கோடு பிணைந்திருப்பவை

தறியில் பழைய பாவு முடியும்போது நாம் அதனை முற்றிலும் அறுத்தெறிந்துவிட்டுப் புதுப் பாவை ஏற்றுவதில்லை. பழைய பாவின் முனைகளோடு புதிய இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்து, அச்சும் விழுதும் கடந்து அவை முன்னே வந்த பிறகே நெசவைத் தொடங்குகிறோம். ஓர் இழை விட்டுப்போனாலும் சேலையில் அது தெரியும். கணக்கு மாற்றமும் இத்தகையதே. பிணைக்க வேண்டிய இழைகள் எவை?

(அ) கூலி. சங்கத்தின் ஏட்டில் நமது பழைய கணக்கு எண்ணே இருக்கும். எண் மாறியதை எழுத்து மூலம் தெரிவிக்காவிடில், மூடிய கணக்கிற்கு அனுப்பிய கூலி திரும்பி வந்து, மீண்டும் அனுப்பப்படும் வரை காத்திருக்க நேரிடும். சேலை அறுத்த நாளில் கூலியை எதிர்பார்த்து அரிசிக் கடையில் வாக்குக் கொடுத்தவருக்கு இத்தாமதம் சிறிதன்று.

(ஆ) அரசாங்க உதவித் தொகைகள். இவ்விஷயத்தில் பலருக்கும் மயக்கம் உண்டு. ஆதார் எண்ணை எத்தனை பாங்கிக் கணக்குகளோடு வேண்டுமாயினும் இணைக்கலாம். ஆனால் ஆதார் வழியாக அனுப்பப்படும் மானியம் ஒரே ஒரு கணக்கிற்குத்தான் செல்லும். எந்தக் கணக்கைக் கடைசியாக அதற்கென்று பதிவு செய்ய நாம் சம்மதித்தோமோ, அந்தக் கணக்கு அது. புதுக் கணக்கிற்கான விண்ணப்பத்தில் இச்சம்மதம் ஒரு சிறு கட்டத்தில் குறியிடும் வரியாகவே இருக்கக்கூடும். 2019இல் தொடங்கிய பிரதமர் கிசான் திட்டத்தின் தவணைத் தொகையான 2,000 ரூபாய் பழைய பாஸ் புத்தகத்தில் வரவில்லையே என்று தேடும் விவசாயி, அது தாம் மறந்துவிட்ட மற்றொரு கணக்கில் இருப்பதைப் பின்னர் அறிவது இதனாலேயே.

இதற்கு நாடறிந்த சான்று ஒன்று உண்டு. 2017இல், ஏர்டெல் கைபேசி எண்ணை ஆதாருடன் சரிபார்க்கச் சென்ற வாடிக்கையாளர்கள் பலருக்கு, அவர்கள் தெளிவாக அறிந்து சம்மதிக்காமலே ஏர்டெல் பேமெண்ட்ஸ் பாங்கியில் கணக்குத் திறக்கப்பட்டது. சமையல் எரிவாயு மானியம் அக்கணக்குகளுக்குத் திரும்பியது. 23 லட்சத்துக்கு மேற்பட்டோரின் 47 கோடி ரூபாய் இவ்வாறு சென்றதாக அவ்வாண்டு டிசம்பரில் செய்தி வெளியாயிற்று. ஆதார் ஆணையம் அந்த நிறுவனத்தின் சரிபார்ப்பு உரிமத்தை நிறுத்தி வைத்தது. ரிசர்வ் பாங்கி 2018 மார்ச்சில் 5 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மானியத் தொகையைத் திருப்பித் தரும் ஏற்பாடும் செய்யப்பட்டது. ஆயினும் அத்தனை குடும்பங்கள் தங்கள் பணம் எங்கே என்று தேடியலைந்ததற்கு ஈடு ஏது? பாங்கியில் ஒரு குறியிடும்போது எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு இதுவே பாடம்.

(இ) இன்ஷூரன்ஸ். பிரதமர் ஜீவன் ஜோதி திட்டத்தில் ஆண்டுக்கு 436 ரூபாயும், சுரக்ஷா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாயும் மே மாத இறுதியையொட்டிக் கணக்கிலிருந்து தாமே கழிக்கப்படுகின்றன. முன்னதில் எக்காரணத்தால் மரணம் நேர்ந்தாலும், பின்னதில் விபத்து மரணத்திற்கும், குடும்பத்திற்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். அந்தக் கணக்கை மூடினாலோ, கழிக்க வேண்டிய நாளில் அதில் பணம் இல்லாவிட்டாலோ பாதுகாப்பு அற்றுப்போகும். மேலும் ஜீவன் ஜோதியில் சேரத் தகுதியான வயது 18 முதல் 50 வரை. முன்பே சேர்ந்தவர் 55 வயது வரை தொடரலாம். 52 வயதுள்ள அங்கத்தினர் ஒருவர் 1,000 ரூபாய்க்காகப் பழைய கணக்கை மூடினால், புதிதாகச் சேரும் வயதைக் கடந்துவிட்ட அவருக்கு அப்பாதுகாப்பு மீண்டும் கிட்டுவது உறுதியில்லை. 1,000 ரூபாய்க்கு 2 லட்ச ரூபாயைப் பணயம் வைப்பது விவேகமாகுமா?

(ஈ) கடன். நெசவாளர் முத்ரா கடனோ பயிர்க் கடனோ கணக்கோடு தானாக மாறிவிடாது. அது கொடுத்த இடத்திலேயே நிற்கும். தவணை கழிக்கப்படும் கணக்கில் பணம் இல்லையென்றால் அபராதம் ஒருபுறம். அடுத்த முறை கடன் கேட்கும்போது தவறிய தவணை குறுக்கே வந்து நிற்பது மறுபுறம். உரிய நாளில் திருப்பிச் செலுத்துவோருக்கென்று உள்ள வட்டிச் சலுகையையும் இழக்க நேரிடும்.

(உ) வாரிசு நியமனம். பழைய கணக்கில் மனைவியின் பெயரை நியமித்திருப்போம். புதுக் கணக்கில் அந்த இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கும். 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நியமிக்கலாம். ஒருவரையேனும் நியமிக்காமல் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடலாகாது.

4. குறைந்தபட்ச இருப்பு என்னும் கண்ணி

அன்பளிப்பு நிபந்தனைகளுள் பெரும்பாலும் காணப்படுவது 'சராசரி மாத இருப்பு'. ஒவ்வொரு நாள் முடிவிலும் கணக்கில் நின்ற தொகைகளைக் கூட்டி, அம்மாதத்தின் நாட்களால் வகுத்து வருவது அது. ஒரு நெசவாளர் கூலியும் சீட்டுப் பணமுமாக 20,000 ரூபாயைப் போட்டு, பத்து நாட்கள் வைத்திருந்து, பின்னர் 18,000 ரூபாயை எடுத்துக்கொள்கிறார். மீதி 20 நாட்கள் 2,000 ரூபாய் நிற்கிறது. கணக்கிட்டால்:

20,000 × 10 = 2,00,000
2,000 × 20 = 40,000
மொத்தம் 2,40,000, முப்பதால் வகுக்க 8,000.

நிபந்தனை 10,000 என்றால் அவர் தவறிவிட்டார். "இருபதாயிரம் போட்டேனே" என்று அவர் கூறுவதிலும் பொய்யில்லை; பாங்கியின் கணக்கிலும் பிழையில்லை. மாதச் சம்பளக்காரருக்கு ஏற்ற நிபந்தனை, சேலை ஒப்படைத்த அன்றும் அறுவடை முடிந்த அன்றும் மட்டுமே பணம் காணும் நமக்கு ஏற்றதாக இருக்க வேண்டுமென்பதில்லை.

இருப்புக் குறைந்தால் அபராதம். இதன் கசப்பை நம் ஊர் அறியும். கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15ஆம் தேதி காஞ்சிபுரத்திலேதான் தொடங்கி வைக்கப்பட்டது. அப்போது மாதம் 1,000 ரூபாய் பெண்களின் கணக்குகளுக்கு அனுப்பப்பட்டது. ஆனால் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்ற காரணத்தால் சில பாங்கிகள் அத்தொகையிலிருந்தே கட்டணம் கழித்துக்கொண்டன. இவ்வாறு கழிக்கலாகாது என்று அன்றைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட நேர்ந்தது. உதவி வந்த வழியிலேயே அபராதமும் காத்திருந்தது.

எல்லாப் பாங்கிகளும் ஒன்றுபோல் அல்ல. பாரத ஸ்டேட் பாங்கி சேமிப்புக் கணக்குகளுக்கு இந்த அபராதத்தை 2020 மார்ச்சில் கைவிட்டது. 2025இல் கனரா பாங்கி, பஞ்சாப் நேஷனல் பாங்கி, இந்தியன் பாங்கி ஆகியவையும் கைவிட்டன. அன்றியும், குறைந்தபட்ச இருப்பே வேண்டாத 'அடிப்படைச் சேமிப்புக் கணக்கு' எல்லாப் பாங்கிகளிலும் தரப்பட வேண்டுமென்பது ரிசர்வ் பாங்கியின் விதி. கேட்டால்தான் கிடைக்கும்.

5. ஒரு கணக்கு, இரு முடிவுகள்

பின்வருவது உதாரணத்திற்காக நாம் அமைத்துக்கொண்ட கணக்கு. அன்பளிப்பு 1,000 ரூபாய். ஆறு மாதம் சராசரி 10,000 ரூபாய் இருப்பு வேண்டும். பண அட்டைக்குக் கட்டணம் வரியுடன் 295 ரூபாய். பாங்கிக்குச் சென்றுவர இரண்டு அரை நாட்கள் தறி நின்றதால் இழந்த கூலி 400 ரூபாய்.

முதலாமவர் கையில் உபரியாக 10,000 ரூபாய் உண்டு. அது பழைய சேமிப்புக் கணக்கில் அதே வட்டிக்குத்தான் இருந்தது. அவருக்கு வரவு 1,000, செலவு 695, மிச்சம் 305 ரூபாய். சிறிதாயினும் லாபமே.

இரண்டாமவரிடம் உபரி இல்லை. நகையை வைத்து நூற்றுக்கு இரண்டு வட்டியில் 10,000 ரூபாய் வாங்கிப் போடுகிறார். ஆறு மாத வட்டி 1,200 ரூபாய். அவருக்கு வரவு, அன்பளிப்பு 1,000, நூற்றுக்கு 3 வீதம் பாங்கி வட்டி 150, ஆக 1,150. செலவு 1,200, 295, 400, ஆக 1,895. நஷ்டம் 745 ரூபாய். நகை மீட்கப்படாமல் போனால் நஷ்டம் இன்னும் பெரிது.

ஒரே அன்பளிப்பு, இருப்பவருக்கு லாபமாகவும் இல்லாதவருக்கு நஷ்டமாகவும் முடிகிறது. ஆகவே "பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்ததே" என்பது நமக்குக் காரணமாகாது.

6. எக்காரணம் கொண்டும் ஏற்கலாகாத பணம்

மேற்கூறியவை நேர்மையான பாங்கி தரும் அன்பளிப்பைப் பற்றியவை. இன்னொரு வகை உண்டு. பாங்கியோடு சம்பந்தமில்லாத ஒருவர் வந்து, "உமது பெயரில் ஒரு கணக்குத் திறந்து, பாஸ் புத்தகத்தையும் பண அட்டையையும் கைபேசிச் சிப்பையும் எம்மிடம் கொடும், சில ஆயிரம் தருகிறோம்" என்பார். இது அன்பளிப்பன்று, நம் பெயரை வாடகைக்குக் கேட்பது. பிறரை ஏமாற்றிப் பறித்த பணத்தை இத்தகைய கணக்குகள் வழியே கடத்துவது இன்று நாடெங்கும் பரவியுள்ள குற்றம். பணம் சென்ற வழியைப் போலீசார் தேடி வரும்போது, அவர்கள் முதலில் தட்டுவது கணக்கு யார் பெயரில் உள்ளதோ அவர் வீட்டுக் கதவைத்தான். கணக்கு முடக்கப்படும். "எனக்கொன்றும் தெரியாது" என்பது அங்கே எளிதில் எடுபடாது. முன்பே கொடுத்துவிட்டவர்கள் நாள் கடத்தாமல் பாங்கிக்கு எழுதிக் கொடுத்து அட்டையை நிறுத்த வேண்டும். 1930 என்னும் எண்ணிலும் தெரிவிக்க வேண்டும்.

வட்டியின் பெருமையைக் கண்டு மட்டும் பணத்தை வைப்பதும் ஆபத்தே. 1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது, பெரிய பெயரை நம்பிப் பணம் போட்ட பல்லாயிரவர் வாட்டமுற்றனர். அதன் தலைவர் ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறை சென்றார். அந்த அதிர்ச்சியின் விளைவாகவே வி. கிருஷ்ணஸ்வாமி அய்யர் முதலியோர் முயற்சியால் 1907 ஆகஸ்ட் 15இல் இந்தியன் பாங்கி தொடங்கியது. இன்று பாங்கி வைப்புகளுக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. 1962இல் 1,500 ரூபாயாக இருந்த வரம்பு, 2020 பிப்ரவரி 4 முதல், ஒரு பாங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாயாக உயர்ந்துள்ளது. கூட்டுறவுப் பாங்கிகளுக்கும் இது பொருந்தும். பாங்கி அல்லாத கடன் சங்கங்களுக்கும் சீட்டுக் கம்பெனிகளுக்கும் பொருந்தாது. பணம் போடுமுன் இதனைக் கேட்டறிவது கடமை.

7. மாறுவதென்று முடிவு செய்தால்

ஆராய்ந்து பார்த்து மாறுவதே நலம் என்று தோன்றினால், பின்வரும் முறையைக் கைக்கொள்ளலாம்.

முதலாவது, நிபந்தனைகளைப் பாங்கியிலிருந்தே எழுத்தில் பெறுக. ஏஜெண்டின் வாய்மொழி போதாது. எத்தனை நாள், எவ்வளவு இருப்பு, பணம் எந்தத் தேதியில் வரும், ஓராண்டுக்குள் மூடினால் கட்டணம் உண்டா என்ற நான்கையும் கேட்க வேண்டும்.

இரண்டாவது, பழைய பாஸ் புத்தகத்தின் ஓராண்டுப் பதிவுகளைப் பார்த்து, எவை வருகின்றன, எவை கழிகின்றன என்று ஒரு தாளில் எழுதுக. ஆண்டுக்கொரு முறை வரும் இன்ஷூரன்ஸ் போன்றவை ஒரு மாதப் பதிவில் தெரியா.

மூன்றாவது, புதுக் கணக்கைத் திறந்த பின்னும் பழையதை மூடாதிருக்க. சங்கக் காரியாலயத்தில் புதிய பாஸ் புத்தகத்தின் முதற்பக்க நகலைக் கொடுத்து, ஒரு முறையேனும் கூலி புதுக் கணக்கில் வந்ததைக் கண்ணால் கண்டபின் அடுத்த இழைக்குச் செல்லுக.

நான்காவது, அரசாங்கத் தொகை எந்தக் கணக்கிற்கு வரவேண்டும் என்பதை நீங்களே தீர்மானித்து, பாங்கியில் எழுதிக் கொடுத்து, ஆதார் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்க. வீட்டுப் பிள்ளைகள் இதில் உதவுவார்கள்.

ஐந்தாவது, கடன் தவணையும் இன்ஷூரன்ஸும் தீர்மானமாகாத வரை பழைய கணக்கை மூடலாகாது. அவை அங்கேயே இருப்பது நலமென்றால், அக்கணக்கை அபராதமில்லாத அடிப்படைக் கணக்காக மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

ஆறாவது, எல்லாம் முடிந்தபின் பழைய கணக்கை எழுத்து மூலம் மூடி, மீதிக் காசோலைகளையும் அட்டையையும் ஒப்படைத்து, மூடியதற்கு அத்தாட்சி பெறுக. "இருந்துவிட்டுப் போகட்டும்" என்று விட்டுவிடலாகாது. இரண்டாண்டுகள் வரவு செலவு இல்லாத கணக்கு செயலற்றதாகும். பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தால் அப்பணம் ரிசர்வ் பாங்கியின் நிதிக்குச் சென்றுவிடும். அவ்வாறு சென்ற பணத்தையும் உரியவர் கேட்டுப் பெறலாம். அதனைத் தேடுவதற்கென்றே ரிசர்வ் பாங்கி 2023 ஆகஸ்டில் 'உத்கம்' என்னும் இணையதளத்தைத் தொடங்கியது. எனினும் தேடும் நிலைக்கு வராதிருப்பதே மேல்.

8. வந்தவருக்குப் பரிசா, இருந்தவருக்குப் பங்கா?

இறுதியாக, கூட்டுறவாளர் என்ற முறையில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. புதியவருக்கு 1,000 ரூபாய் கொடுக்கும் பாங்கி, இருபதாண்டுகளாக அங்கேயே பணம் போட்டு வருபவருக்கு என்ன கொடுக்கிறது? பெரும்பாலும் ஒன்றுமில்லை. வெளியே போகிறவரையே போட்டி மதிக்கிறது. உள்ளே நிற்பவரை மறக்கிறது.

கூட்டுறவின் வழி வேறு. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கடை தொடங்கிய முன்னோடிகள், லாபத்தை அங்கத்தினர் வாங்கிய அளவுக்கேற்பப் பங்கிட்டுக் கொடுத்தனர். அதே பிரிட்டனில், அங்கத்தினர்க்கே சொந்தமான நேஷன்வைடு சங்கம், மாறி வருவோருக்குப் பரிசு கொடுக்கும் போட்டியில் தானும் இறங்கியதாயினும், 2023இல் தகுதியுள்ள தன் பழைய அங்கத்தினர் சுமார் 34 லட்சம் பேருக்குத் தலைக்கு 100 பவுன் லாபத்தில் பங்காக வழங்கியது. பின்வந்த இரு ஆண்டுகளிலும் அவ்வாறே செய்தது. உரிமையாளர் யார் என்பதைப் பொறுத்தே பரிசு யாருக்கு என்பதும் அமைகிறது.

இந்நெறிக்கு நம் ஊர் புதிதன்று. 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் இந்தியாவிலேயே முதன்முதலாகப் பதிவான நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம், அவ்வாண்டு அக்டோபரில் காஞ்சிபுரத்தில்தான் உண்டாயிற்று. கடன் கொடுப்பவரின் தயவை எதிர்பாராமல், தம் சிறு தொகைகளைத் தாமே ஒன்று சேர்த்துத் தமக்கே பயன்படுத்திக்கொள்ள முற்பட்டவர்களின் ஊர் இது.

ஆனால் பழம்பெருமை ஒன்றே அங்கத்தினரைக் கட்டி நிறுத்தாது. நமது கூட்டுறவுப் பாங்கிகளில் சேவை தாமதமானால், கைபேசி வழியே பணம் அனுப்பும் வசதி குறைந்திருந்தால், அங்கத்தினர் வேறிடம் நாடுவதைக் குறை கூற நமக்கு வாயில்லை. அக்குறைகளைப் பொதுச்சபையில் எழுந்து கேட்க வேண்டும். வேறு பாங்கியில் நாம் வாடிக்கையாளர். இங்கே நாம் உரிமையாளர். உரிமையாளர் குறையைக் கண்டு வெளியேறுமுன், அதைத் திருத்த ஒரு முறையேனும் முயல்வதே முறை.

அன்பளிப்பை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் ஏற்குமுன் ஒரு மாலைப்பொழுது பழைய பாஸ் புத்தகத்தை விரித்து வைத்து, வீட்டாரோடு அமர்ந்து, இழைகளை எண்ணுங்கள். எண்ணி முடித்த பின்னும் லாபம் எஞ்சி நின்றால், தாராளமாகப் பெற்றுக்கொள்ளுங்கள்.

கல்வி வட்டத்தில் ஆராய்வதற்கு:

1. உங்கள் கணக்கிலிருந்து ஆண்டுக்கொரு முறை கழிக்கப்படும் தொகைகள் எவை? அவற்றின் நாட்களை அறிவீர்களா?

2. உங்கள் குடும்பத்தில் அரசாங்க உதவி பெறுவோர் எத்தனை பேர்? ஒவ்வொருவருக்கும் அது எந்தக் கணக்கிற்கு வருகிறது?

3. ஒரு மாதத்தில் 5 நாட்கள் 30,000 ரூபாயும் 25 நாட்கள் 3,000 ரூபாயும் இருப்பு நின்றால் சராசரி என்ன? (விடை: 7,500 ரூபாய்)

4. அங்கத்தினரைத் தக்க வைத்துக்கொள்ள நமது சங்கம் செய்ய வேண்டிய சேவைகள் யாவை? வரும் பொதுச்சபையில் எழுப்பத்தக்க ஒன்றை எழுதி வருக.